ஹாஸ்கெல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு: சோம்பலின் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

கல்லூரியிலோ இணையவழி வகுப்பிலோ ஹாஸ்கெல் நிரல்மொழியைச் சொல்லித்தரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவன் நான். கெட்டிக்காரப் பிள்ளைகள். டைப் அமைப்பைக் கண்டு மிரள்வதில்லை, ரிகர்ஷனைத் தயங்காமல் எழுதுகிறார்கள், மோனாட் என்றதும் ஓட்டம் பிடிப்பதில்லை. இதற்கெல்லாம் உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். குறை ஒன்றே ஒன்று. அது சின்னக் குறை அல்ல என்பதால்தான் இந்த மடல்.

ஹாஸ்கெல் ஏன் வேகமாக ஓடுகிறது என்று கேட்டால் அவர்களில் பலர் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "அது லேசி சார், தேவைப்படாததைக் கணக்குப் போடாது." யார் சொன்னது என்று கேட்டால் வகுப்பில் சொன்னார்கள் என்கிறார்கள். நீங்கள் இதே வார்த்தைகளில் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் நீங்கள் எடுத்துக் காட்டும் உதாரணங்கள் இதைத்தான் சொல்கின்றன. முதல் சில வகுப்புகளிலேயே முடிவில்லாத எண்வரிசை ஒன்றைப் பலகையில் எழுதி, அதிலிருந்து முதல் பத்து எண்களை மட்டும் எடுத்துக் காட்டுகிறீர்கள். வகுப்பு அசந்துபோகிறது. அசர வேண்டியதுதான். அந்த வியப்பு அடங்குவதற்குள், தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் இந்த லேசி வழி, அதாவது சோம்பல் மதிப்பீடு, ஓர் ஆப்டிமைசேஷன் என்ற எண்ணமும் பிள்ளைகள் மனத்தில் இறுகிவிடுகிறது. பிறகு அதைக் கரைக்க நாங்கள் படும் பாடு உங்கள் காதுக்கு வருவதில்லை.

நான் சொல்ல வருவது ஏறக்குறைய இதற்கு நேர் எதிரானது. சோம்பல் மதிப்பீடு என்பது ஒரு நிரலுக்கு என்ன பொருள் என்பதைப் பற்றிய முடிவு. ஹாஸ்கெல் நிரல் ஒன்று வேகமாக ஓடினால், எந்தெந்த இடத்தில் சோம்பல் வேண்டியதில்லை என்று கம்பைலர் தேடிக் கண்டுபிடித்து அதை நீக்கிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம்.

வரலாறு நீங்கள் அறிந்ததுதான். 1971இல் வாட்ஸ்வர்த் தன் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வேட்டில் ஒரு கணக்கைத் தேவைப்படும்போது மட்டும், அதையும் ஒரே முறை மட்டும் செய்யும் வழியைக் காட்டினார். 1976இல் ஃபிரீட்மனும் வைஸும் ஒரு பக்கம், ஹெண்டர்சனும் மோரிஸும் இன்னொரு பக்கம் இதே திசையில் கட்டுரை எழுதினார்கள். டேவிட் டர்னரின் சோம்பல் மொழியான மிராண்டா 1985இல் வந்தது. ஆளுக்கொரு சோம்பல் மொழி என்று சிதறிக் கிடந்த ஆய்வாளர்கள் 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டில் கூடி ஒரு பொது மொழி வேண்டுமென்று முடிவு செய்தார்கள். ஹாஸ்கெல்லின் முதல் அறிக்கை 1990 ஏப்ரல் 1 அன்று வெளியானது. இந்தக் கதையில் வேகம் எங்கே? 1980களின் பெரும்பகுதி சோம்பல் மொழிகளைச் சகிக்கக்கூடிய வேகத்தில் ஓடவைப்பது எப்படி என்ற தவிப்பிலேயே கழிந்தது. சுவீடனின் சால்மர்ஸில் ஜான்சனும் அவுகுஸ்ட்சனும் உருவாக்கிய ஜி-மெஷின், பிறகு 1992இல் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் விவரித்த எஸ்டிஜி மெஷின் எல்லாம் அந்தத் தவிப்பின் பிள்ளைகள்.

சோம்பலுக்கு ஜான் ஹியூஸ் கொடுத்த நியாயம் வேறு. முடிவில்லாமல் விடைகளை உருவாக்கும் பகுதியைத் தனியாகவும், எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் பகுதியைத் தனியாகவும் எழுதி, இரண்டையும் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்றார் அவர். 1989இல் அச்சான அவரது கட்டுரையில் வர்க்கமூலம் காணும் நியூட்டன் முறையும், விளையாட்டு மரத்தை அலசும் ஆல்ஃபா-பீட்டா முறையும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. ஹாஸ்கெல்லை உருவாக்கியவர்களில் நால்வர் 2007இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரை இன்னொரு பலனையும் சொல்கிறது. எது எப்போது நடக்கும் என்று தெரியாத மொழியில் கண்ட இடத்தில் அச்சிடவோ மாறியை மாற்றவோ முடியாது. அதனால் மொழியைத் தூய்மையாகவே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வந்தது. பகுத்து எழுதும் வசதி, தூய்மை, இந்த இரண்டும்தான் சோம்பல் நமக்குத் தந்த சொத்து. இவற்றைச் சொல்லி நீங்கள் சோம்பலைப் புகழ்ந்தால் நானும் சேர்ந்து கைதட்டுவேன்.

உங்களில் சிலர் உடனே ஒரு தேற்றத்தை நினைவூட்டுவீர்கள். தேவைக்கேற்ப மதிப்பிட்டு விடையைப் பகிர்ந்துகொள்ளும் முறை, முந்திக்கொண்டு மதிப்பிடும் முறையைவிட அதிகப் படிகள் எடுப்பதே இல்லை என்பீர்கள். உண்மை. ஆனால் தாளில் எண்ணும் படிக்கும் இயந்திரம் கொடுக்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. இரண்டு எண்களைக் கூட்டுவது பிராசஸருக்கு ஒரே ஒரு கட்டளை. அதே கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், அந்த வாக்குறுதியை ஹீப் என்ற நினைவகப் பகுதியில் ஒரு பொருளாக எழுதி வைக்க வேண்டும். அதைத்தான் தங்க் என்கிறோம். 64 பிட் இயந்திரத்தில் ஹாஸ்கெல்லின் ஜிஎச்சி கம்பைலர் கட்டும் தங்கில் தலைப்புக்கு இரண்டு சொற்கள், கூட்ட வேண்டிய இரண்டு எண்களைச் சுட்ட இரண்டு சொற்கள், ஆக 32 பைட். பிறகு அதைத் திறக்க ஒரு தாவல், விடை வந்ததும் பழைய இடத்தில் அதை எழுதும் வேலை, கடைசியில் குப்பை அள்ளும் வேலை. ஒரே கட்டளையில் முடிய வேண்டியதற்கு இத்தனை சடங்கு.

உங்கள் மாணவர் எவரும் இரண்டாம் வாரத்தில் எழுதும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை வந்த கூட்டுத்தொகை ஒரு கையில், மீதிப் பட்டியல் மறு கையில். தலையை எடுத்துத் தொகையோடு கூட்டி, வாலோடு தன்னையே மறுபடி அழைக்கும் ஃபங்ஷன். ஒன்று முதல் ஒரு கோடி வரை கூட்டச் சொல்லி, ஆப்டிமைசேஷன் எதையும் போடாமல் கம்பைல் செய்து ஓட்டுங்கள். கூட்டுத்தொகையை நடுவில் யாருமே கேட்கவில்லை, அதனால் யாருமே கூட்டவில்லை. மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் பாக்கியைக் கூட்டிப் போடாமல், 'நேற்றுச் சீட்டில் உள்ளதோடு இன்றைய பன்னிரண்டு ரூபாய்' என்று தினமும் ஒரு புதுச் சீட்டு எழுதி முந்தைய சீட்டோடு குத்தி வைத்துக்கொண்டே போகிற கதை. சுழற்சி முடியும்போது ஒரு கோடி சீட்டுகள், 32 கோடி பைட். எண்கள் பிடிக்கும் இடம் அதற்கு மேல். அப்போதுதான் யாரோ விடையை அச்சிடச் சொல்கிறார்கள். கடைசிச் சீட்டுக்கு முந்தையது வேண்டும், அதற்கும் முந்தையது வேண்டும் என்று ஒரு கோடி ஆழத்துக்கு ஸ்டாக் இறங்குகிறது. ஜிஎச்சியின் பழைய பதிப்புகளில் ஸ்டாக்கின் இயல்பான எல்லை 8 மெகாபைட். நிரல் அங்கேயே விழுந்துவிடும். 2014இல் வந்த 7.8 பதிப்பு அந்த எல்லையைக் கணினியின் மொத்த நினைவகத்தில் 80 சதவீதம் என்று தளர்த்தியது. இப்போது விழுவதில்லை, சத்தமில்லாமல் தின்கிறது. கற்பிக்கிறவர் கோணத்தில் பழைய நிலைமையே மேல் என்று எனக்குத் தோன்றும்.

"ஆப்டிமைசேஷனுக்கான ஓ கொடியைப் போட்டு கம்பைல் செய்தால் சரியாகிவிடுமே" என்பீர்கள். ஆகும். எப்படி ஆகிறது என்பதைத்தான் நீங்கள் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு ஃபங்ஷன் தன் உள்ளீட்டை எப்படியும் கேட்டே தீரும் என்று கம்பைலரால் நிரூபிக்க முடிந்தால், அதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கொடுப்பதால் நிரலின் பொருள் மாறாது. ஸ்டிரிக்ட்னஸ் அனாலிசிஸ் என்ற இந்த ஆய்வை 1980இல் எடின்பரோவில் ஆலன் மைக்ரொஃப்ட் வகுத்தார். கூட்டல் சுழற்சியில் தொகை கடைசியில் நிச்சயம் தேவைப்படும் என்று ஜிஎச்சி இதன் வழியாகவே கண்டுகொள்கிறது. கண்டுகொண்டதும் தங்க் போகிறது, எண்ணைச் சுற்றியிருந்த பெட்டியும் போகிறது, ரெஜிஸ்டரில் ஓடும் சின்னச் சுழற்சி ஒன்று மிஞ்சுகிறது. சி மொழியில் எழுதியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நிரல் வேகம் பெற்றது சோம்பலைக் கழற்றிப் போட்ட பிறகு. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் கரும்பலகையில் பத்து நிமிடம் வரைந்து காட்டினால், மாணவர்கள் மனத்தில் உள்ள படம் தலைகீழாகத் திரும்பிவிடும்.

தூய்மைக்கும் இதில் பங்குண்டு. கணக்குகளை முன்பின்னாக மாற்றிப்போடும் உரிமை தூய மொழியில்தான் கம்பைலருக்குக் கிடைக்கிறது. ஒரே கோவையில் இரண்டு பிழைகள் ஒளிந்திருந்தால் எந்தப் பிழை வெளியே தெரியும் என்று ஜிஎச்சி உறுதி சொல்வதில்லை. அந்த உரிமையை விட்டுவிடக் கூடாது என்றுதான் 1999இல் பிழைகளின் பொருள் வரையறையையே தளர்த்தி வைத்தார்கள். வாட்லர் 1980களின் இறுதியில் முன்வைத்த யோசனையும், 1993இல் கில், லாஞ்ச்பரி, பெய்ட்டன் ஜோன்ஸ் மூவரும் அதற்குக் கண்ட குறுக்குவழியும், இடையில் உருவாகி உடனே அழியும் பட்டியல்களைக் கட்டாமலே விட்டுவிட வழிசெய்தன. இவற்றையெல்லாம் ஆப்டிமைசேஷன் என்று சொல்லுங்கள், பொருந்தும்.

ஆனால் கம்பைலரை நம்பி இருக்க முடியுமா? எனக்குள்ள மனக்குறையின் கூரான முனை இங்கேதான். அந்த ஸ்டிரிக்ட்னஸ் ஆய்வு தோராயமானது. தெரியாவிட்டால் சோம்பலாகவே விட்டுவிடும், அதுதான் நேர்மை. உங்கள் மாணவர் முழு எண்ணுக்கு என்று எழுதிய கூட்டல் ஃபங்ஷனை 'எந்த எண் வகைக்கும்' என்று பொதுவாக்குகிறார் என்று வையுங்கள். நல்ல பழக்கம் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததுதான். அந்த நிமிடமே கம்பைலருக்குக் கூட்டல் குறி எந்தக் கூட்டல் என்று தெரியாமல் போகிறது. ஏதோ ஒரு வகையின் கூட்டல் தன் உள்ளீட்டைத் தொடாமலும் இருக்கலாம் அல்லவா? ஆகவே தங்க் திரும்பி வருகிறது. அழைக்கும் இடத்துக்கு ஏற்ற தனிப் பிரதி ஒன்றை கம்பைலர் உருவாக்கினால் தப்பிக்கலாம், உருவாக்காவிட்டால் இல்லை. நிரலின் விடை ஒன்றுதான், சோதனைகள் எல்லாம் தேறுகின்றன, டைப் கையெழுத்து என்ற ஒரே ஒரு வரிதான் மாறியிருக்கிறது. நினைவகம் மட்டும் பல மடங்கு. இதை மாணவர் எந்தப் பாடத்திலிருந்து ஊகிப்பார்?

சில சமயம் ஆப்டிமைசேஷனே நினைவகத்தில் ஓட்டை போடும். எப்படி என்று பார்க்கப் பள்ளிப் பாடத்திலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் முதல் பாடமே செயற்கூறு பற்றியது. தூய செயற்கூறு என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, சுழற்சிக்குள் ஒரு சரத்தின் நீளத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் புத்திசாலிக் கம்பைலர் அந்த வீண் அழைப்புகளை நீக்கிவிடலாம் என்று அது விளக்குகிறது. பள்ளிப் பாடத்தில் இவ்வளவு தூரம் வருவது எனக்கு மகிழ்ச்சிதான். இந்த விதையோடு உங்களிடம் வரும் மாணவர், ஒரே கணக்கை இரண்டு முறை செய்வது வீண், ஒரு முறை செய்து பகிர்ந்துகொள்வதே சிக்கனம் என்று நம்புகிறார். அவரிடம் ஒன்று முதல் ஒரு கோடி வரையிலான எண்களின் சராசரியைக் கேளுங்கள். பட்டியலுக்கு ஒரு பெயர் சூட்டி, அதன் கூட்டுத்தொகையை அதன் நீளத்தால் வகுப்பார். கூட்டும்போது பட்டியல் ஒவ்வொரு கண்ணியாக உருவாகிறது. ஆனால் நீளம் காண்பவர் பின்னால் அதே பட்டியலுக்காகக் காத்திருப்பதால் ஒரு கண்ணியைக்கூடத் தூக்கி எறிய முடியாது. கண்ணிக்கு 24 பைட், எண்ணுக்கு 16 பைட், ஆக ஒரு கோடி எண்களுக்கு 40 கோடி பைட். நகலெடுத்துக் குப்பை அள்ளும் முறையில் உச்ச நேரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு வேண்டும். இப்போது அவரிடம் பட்டியலுக்குப் பெயர் வைக்காமல் இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால், இரு பக்கமும் ஒன்றுதான் என்று கம்பைலர் தானாகக் கண்டுபிடித்து இணைத்துவிடாத வரை, பட்டியலே நினைவகத்தில் தங்காது. இரண்டு முறை செய்தால் மலிவு, பகிர்ந்தால் செலவு! ஜிஎச்சி ஒரேமாதிரிக் கோவைகளை இணைப்பதில் கையைக் கட்டிக்கொண்டு நடப்பது இதனால்தான். ஆனாலும் மாறாத கணக்குகளைச் சுழற்சிக்கு வெளியே மிதக்கவிடும் ஃபுல் லேசினஸ் என்ற வேலை ஓ கொடியோடு தானாகவே இயங்கும். சில நிரல்களில் பெரிய பட்டியல் ஒன்றை அது உச்சிக்குக் கொண்டுபோய் நிரல் முடியும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். அதை அணைக்கத் தனிக் கொடி இருக்கிறது என்பதே இளைஞர்களுக்குச் செய்தியாக இருக்கிறது.

சராசரிக் கணக்கை விட்டு நகரும் முன் இன்னும் ஒன்று. விஷயம் தெரிந்த மாணவர், பட்டியலை மடித்துக் கணக்கிடும் ஃபோல்டு-எல் ஃபங்ஷனுக்குப் பதில் ஃபோல்டு-எல் பிரைம் என்ற அதன் கறாரான (ஸ்டிரிக்ட்) வடிவத்தை எடுத்து, தொகையையும் எண்ணிக்கையையும் ஒரு ஜோடியாக வைத்து ஒரே ஓட்டத்தில் முடிப்பார். பிரைம் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை என்று நினைப்பார். ஆனால் அது ஜோடியின் வெளிக்கூடு வரைதான் திறக்கும். உள்ளே இருக்கும் இரண்டு கூட்டல்களும் சீட்டுகளாகவே சேரலாம். ஒவ்வொரு களத்துக்கும் கறார் குறி போட்ட டேட்டா வகை ஒன்றை எழுதினால்தான் நிச்சயம். மதிப்பீடு எவ்வளவு ஆழம் போகும் என்ற இந்த விஷயத்தைப் பல பாடத்திட்டங்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எங்கள் தலைவலியில் பாதி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

எங்கள் இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த இளம் நண்பர் ஒருவர், வரும் கோரிக்கைகளை வகைவாரியாக எண்ணி வைக்கும் சிறிய சேவை ஒன்றை எழுதினார். டேட்டா மேப்பில் சாவி இருந்தால் ஒன்று கூட்டு, இல்லாவிட்டால் புதிதாகப் போடு. சுத்தமான நிரல், படிக்கவே அழகு. பல சாவிகளின் எண்ணிக்கையை மாதக் கடைசி அறிக்கை வரை யாரும் கேட்பதில்லை. அவர் இறக்குமதி செய்திருந்தது மேப்பின் லேசி வடிவத்தை. எண்ணிக்கைக்குப் பதில் 'ஒன்று கூட்டு, ஒன்று கூட்டு' என்ற வாக்குறுதிகள் நாளெல்லாம் குவிந்து, நினைவகம் மெல்ல ஏறி, சேவை தானாகச் செத்துச் செத்து எழுந்தது. "தேவையில்லாததை அது செய்யாதே, பிறகு எப்படி நினைவகம் அதிகம் எடுக்கும்?" என்று அவர் கேட்டபோது அந்தக் கேள்வியில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குச் சொல்லித்தரப்பட்டதை அவர் நம்பினார். திருத்தம் ஒரே வரி: மேப்பின் ஸ்ட்ரிக்ட் வடிவத்தை இறக்குமதி செய்ய வேண்டும். அந்த ஒரு வரிக்கு வந்து சேரத்தான் அத்தனை நாள் ஆனது. ஹீப் புரொஃபைல் என்று ஒன்று உண்டு, அதன் படத்தைப் பார்த்தால் எந்த இடத்தில் மேடு வளர்கிறது என்று தெரியும் என்பதை அவர் கல்லூரியில் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

இது புதியவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கார்டானோ பிளாக்செயினை ஹாஸ்கெல்லில் கட்டிய அனுபவசாலிகள், நிரலின் நிலையில் எதிர்பாராத தங்க் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று ஓடும்போதே சோதிக்க நோதங்க்ஸ் என்று ஒரு தனி லைப்ரரியே எழுதிக்கொண்டார்கள். ஃபோல்டு-எல் பிரைம் ஹாஸ்கெல்லின் அடிப்படை பிரிலூடுக்குள் வந்து சேர்ந்ததே 2024இல், ஜிஎச்சி 9.10 பதிப்போடு. அதுவரை மாணவர் கைக்கு இயல்பாக எட்டியது ஓட்டை உள்ள சாதாரண ஃபோல்டு-எல்தான்.

சோம்பலை ஒழித்துவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சோம்பல் உண்மையிலேயே கணக்கின் வேகத்தைக் கூட்டும் இடங்கள் உண்டு, அவற்றை நீங்கள் காட்டுவதில்லை என்பதும் என் குறைகளில் ஒன்று. வரிசைப்படுத்திவிட்டு முதல் உறுப்பை மட்டும் கேட்டால், ஹாஸ்கெல் லைப்ரரியின் மெர்ஜ் சார்ட் முழு வேலையையும் செய்யாமல் உறுப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற நேரத்திலேயே விடை தரும். பழைய பதிப்புகளை அழிக்காமல் வைத்திருக்கும் தரவமைப்புகளில் செலவைப் பங்கிட்டுக் கணக்கிட சோம்பல் எவ்வளவு அவசியம் என்று கிறிஸ் ஒகசாகி தன் 1998 நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1997இல் பேர்ட், ஜோன்ஸ், டி மூர் மூவரும் இன்னும் மேலே போனார்கள்: முந்திக்கொண்டு மதிப்பிடும் தூய மொழியில் கூடுதல் நேரம் எடுத்தே தீரும் என்று நிரூபிக்கப்பட்டிருந்த ஒரு கணக்கைச் சோம்பல் மொழியில் அந்தக் கூடுதல் நேரம் இல்லாமல் முடிக்கலாம் என்று காட்டினார்கள். இவை கனமான உதாரணங்கள். முதல் பத்து எண்களை எடுக்கும் வித்தைக்குப் பதில் இவற்றில் ஒன்றைக் காட்டுங்கள்.

வித்தை என்றதும் பகா எண் சல்லடை நினைவுக்கு வருகிறது. நீங்கள் எல்லோரும் பலகையில் எழுதும் அந்த இரண்டு வரி. ஹாஸ்கெல்லின் சொந்த இணையதள முகப்பிலேயே அதே பாணி நிரல் பல காலம் அலங்காரமாக இருந்தது. மெலிசா ஓ'நீல் 2009இல் வெளியான கட்டுரையில் அதன் முகமூடியைக் கழற்றிவிட்டார். அந்தச் சல்லடைக்குப் பெயர் தந்த எரட்டோஸ்தனீஸ் செய்தது பகா எண்ணின் மடங்குகளை வரிசையாக அடித்துக்கொண்டே போவது. இந்த இரண்டு வரி செய்வதோ, ஒவ்வொரு எண்ணையும் முந்தைய பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. சோதிக்கும் எண்ணின் வர்க்கமூலத்தோடு நிறுத்திக்கொள்ளும் சாதாரண வகுத்தல் முறையைவிடவும் இது மெதுவானது. சோம்பல் எவ்வளவு சிக்கனம் என்பதற்கு நாம் காட்டும் முதல் சான்றே அல்காரிதத்தில் தோற்றுப்போன ஒன்று! அதை நிறுத்த வேண்டாம். எழுதுங்கள், பக்கத்திலேயே உண்மையான சல்லடையையும் எழுதி, ஒரு லட்சம் வரை இரண்டையும் ஓட்டி நேரம் பாருங்கள்.

"ஆரம்பத்திலேயே நினைவகம், தங்க், புரொஃபைல் என்று பயமுறுத்தினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். முதலில் சமன்பாடுகளாக யோசிக்கட்டும், இயந்திரம் பிறகு." இது உங்களில் பலருடைய நிலைப்பாடு என்று அறிவேன். அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் 'பிறகு' எப்போது வருகிறது? ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஹாஸ்கெல் தாள். அதற்குப் பின் மாணவர் பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் போய்விடுகிறார். பல வருடம் கழித்து வேலையில் ஹாஸ்கெல்லைத் தொடும்போது அவரிடம் இருப்பது பாதிப் படம்தான். போதாக்குறைக்கு, நினைவகம் ஒரு தடவை கையைச் சுட்டதும் "ஹாஸ்கெல் பாடப்புத்தக மொழி, உற்பத்திக்கு ஆகாது" என்று அவரே பேசத் தொடங்குகிறார். உங்கள் பாடத்தை நேசித்தவரே அதன் எதிர்ப்பாளர் ஆவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கடிதம் எழுதத் தூண்டியதே அதுதான்.

பாடத்திட்டத்தைப் புரட்டச் சொல்லவில்லை. முடிவில்லாத பட்டியலை அறிமுகம் செய்யும் அதே வாரத்தில், ஒரு கோடி எண் கூட்டலையும் செய்து காட்டுங்கள். முதலில் ஆப்டிமைசேஷன் இல்லாமல், பிறகு ஓ கொடியோடு. நிரலை ஓட்டும்போது ரன்டைமிடம் எஸ் கொடியைக் கொடுத்தால் உச்ச நினைவகம் எவ்வளவு என்று அதுவே அச்சிட்டுவிடும். தனிக் கருவி எதுவும் தேவையில்லை. மாணவர்கள் அந்த இரண்டு எண்களையும் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஆய்வகத்தில் ஒரே ஒரு பயிற்சி ஹீப் புரொஃபைலுக்கு ஒதுக்குங்கள். இங்கிலாந்தின் யார்க்கில் ரன்சிமனும் வேக்லிங்கும் இந்தக் கலையை 1993லேயே எழுதி வைத்துவிட்டார்கள். இவ்வளவு காலமாகியும் நம் ஆய்வகக் கையேடுகளுக்குள் அது நுழையாதது நியாயம் இல்லை. 'சோம்பல் ஒரு ஆப்டிமைசேஷன்' என்ற தொடர் உங்கள் ஸ்லைடில் எங்காவது இருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மைக்ரொஃப்டின் யோசனையை இரண்டு வரியில் போடுங்கள்.

கடைசியாக வினாத்தாள். நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'பின்வரும் நிரலின் வெளியீடு என்ன?' என்ற கேள்வி ஒவ்வொரு தாளிலும் இருக்கிறது. அடுத்த பருவத்தில் அந்தச் சராசரி நிரலைக் கொடுத்து, இதே கேள்விக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: 'ஓடும்போது உச்சத்தில் ஏறத்தாழ எத்தனை பைட் பிடிக்கும்? அதை நிலையான அளவுக்குள் கொண்டுவர எதை மாற்றுவீர்கள், ஏன்?' ஐந்து மதிப்பெண் போதும்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒருவன்